மழைக்கும் பூசணத்துக்கும் ஈடுகொடுக்கும் பைனாகுலரை ஒப்பிட்டு வாங்குவது எப்படி?

பறவை பார்க்கத் தொடங்கும் ஒருவர் தமது முதல் பைனாகுலரை வாங்கக் கடைக்குப் போனால், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்றுதான் முதலில் கேட்கிறார். கோலாலம்பூரிலோ பினாங்கிலோ வாழ்பவர் அதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. கருவிக்குள் ஈரம் புகுமா, புகாதா என்பதே அது. நமது தட்பவெப்பத்தில் ஒரு பைனாகுலர் கீழே விழுந்து நொறுங்கிப் போவதைவிட, லென்ஸுக்குள் பூசணம் படர்ந்தோ, இரு குழல்களின் பார்வை ஒன்றைவிட்டு ஒன்று விலகியோ சத்தமில்லாமல் பயனற்றுப் போவதற்கே வாய்ப்பு மிகுதி. எனவே உறுதியை ஒப்பிடும்போது எதை முதலில் பார்ப்பது, எதைப் பிறகு பார்ப்பது என்ற வரிசை நமக்குச் சற்று வேறுபடும்.

இணையத்தில் கிடைக்கும் ஒளியியல் கருவி ஒப்பீடுகளில் பல, குளிர்நாட்டு வேட்டைக்காரர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. துப்பாக்கியின் மேல் பொருத்தப்படும் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப், ஒவ்வொரு முறை சுடும்போதும் ஏற்படும் பின்னுதைப்பைத் தாங்கிக்கொண்டு குறி விலகாமல் இருக்க வேண்டும். உறைபனியில் அதன் திருகுகள் இறுகிவிடக் கூடாது. மலேசியாவிலோ 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி காற்றுத் துப்பாக்கிக்கே உரிமம் வேண்டும். காட்டுயிரைக் காணச் செல்லும் நம்மவர் பெரும்பாலோர் கழுத்தில் தொங்குவது பைனாகுலர்தான். அதற்குப் பின்னுதைப்பும் இல்லை, உறைபனியும் இல்லை. ஆயினும் அந்த ஒப்பீடுகளில் வரும் இரண்டு அளவுகோல்கள் நமக்கும் பொருந்தும். ஒன்று, உள்ளே காற்று புகாதபடி அடைக்கப்பட்டிருக்கிறதா என்பது. மற்றது, அதிர்வுக்குப் பிறகும் உள்ளிருக்கும் கண்ணாடிகள் இருந்த இடத்திலேயே இருக்கின்றனவா என்பது. கீழே வரும் படிகள் பெரும்பாலும் இவ்விரண்டையும் சுற்றியே அமைந்தவை.

முதல் படி: எங்கே பயன்படுத்தப் போகிறீர்கள் என்று முடிவுசெய்யுங்கள்

பினாங்குத் தாவரவியல் பூங்காவில் காலை நடையின்போது குக்குறுவானைத் தேடுபவருக்கும், கோல சிலாங்கூர் இயற்கைப் பூங்காவின் சதுப்புக் காட்டில் நாரைக்காக உச்சி வெயில்வரை நிற்பவருக்கும் ஒரே அளவு உறுதி தேவையில்லை. மழை வந்தால் ஐந்து நிமிடத்தில் கூரைக்கடியில் ஒதுங்கிவிடக் கூடியவர், விலை குறைந்த கருவியோடு சில ஆண்டுகள் ஓட்டிவிடலாம். பிரேசர் மலைக்குச் செல்பவருக்கு மூடுபனியும் தூறலும் நாள் முழுவதும் உண்டு. செபராங் பிறையில் தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோல மூடா வரை நீளும் கரையோரத்தில், செப்டம்பர் முதல் ஏப்ரல் வரை வந்து தங்கும் வலசைப் பறவைகளைப் பார்ப்பவருக்கு ஈரத்தோடு உப்பும் சேர்ந்துகொள்கிறது. மார்ச் மாதத்தில் தஞ்சோங் துவானில் வலசை வரும் பருந்துகளுக்காக வானத்தையே மணிக்கணக்காகப் பார்த்து நிற்பவருக்கு, எடையும் பார்வை விலகாமையும் முதன்மையாகின்றன.

அளவைப் பற்றி நீண்ட விவாதம் தேவையில்லை. புதியவருக்கு 8×42 அல்லது 8×32 போதும். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது எண் முன்லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 8×42இல் அது 5.25 மில்லிமீட்டர், 8×32இல் 4 மில்லிமீட்டர். மரங்கள் அடர்ந்த இருட்டில் முதலாவது நல்லது. கழுத்து வலிக்காமல் இருக்க இரண்டாவது நல்லது. சட்டைப் பையில் அடங்கும் 8×25 வகைகளில் பலவற்றுக்கு நடுவில் ஒன்றுக்குப் பதிலாக இரண்டு கீல்கள் இருக்கும். தளர்ந்து போவதற்கு இரண்டு இடங்கள் என்பதால், முதல் கருவியாக அவ்வகையை நான் பரிந்துரைப்பதில்லை. இணையச் சந்தைகளில் 60×60 என்றும் 100 மடங்கு என்றும் சிவப்பு நிற லென்ஸோடு விற்கப்படுபவற்றை அப்படியே கடந்துவிடுங்கள். பெட்டியின் மேல் கழுகின் படம் எவ்வளவு பெரிதாக இருக்கிறதோ, உள்ளே இருக்கும் கருவி அவ்வளவு மோசம் என்று எங்கள் வட்டத்தில் ஒரு கணக்கு உண்டு.

இரண்டாம் படி: அடைப்பை ஒப்பிடுங்கள்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். வெளியே 30 பாகை வெப்பமும் 80 விழுக்காடு ஈரப்பதமும் உள்ள ஒரு சாதாரணக் காலையில், காற்றிலுள்ள நீராவி ஏறத்தாழ 26 பாகைக்குக் குளிர்ந்த எந்தப் பரப்பின் மீதும் நீர்த்துளியாகப் படிந்துவிடும். இரவெல்லாம் குளிரூட்டிய அறையில் 23 பாகையில் கிடந்த பைனாகுலரை அந்தக் காற்றில் எடுத்து வந்தால், லென்ஸ் உடனே வெண்மையாக மூடிக்கொள்வது இதனால்தான். வெளிப்புறத்தில் படிந்த ஈரம், கருவி சூடேறியதும் கால் மணி நேரத்தில் தானாகவே விலகிவிடும். சரியாக அடைக்கப்படாத கருவியில் அதே ஈரம் உட்புறத்திலும் படியும். அது வெளியேற வழி இல்லாமல், உள்ளே ஒளியைத் திருப்பிவிடும் கண்ணாடிக் கட்டிகளான பட்டகங்களின் இடுக்கில் தங்கி, பூசணத்துக்கு இடம் கொடுக்கும்.

மலையேற்றத்திலும் இதே சிக்கல் வேறு வழியில் வருகிறது. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஏறத்தாழ ஏழில் ஒரு பங்கு குறைந்திருக்கும். அடைப்பு இல்லாத கருவி மேலே போகும்போது உள்ளிருக்கும் காற்றை வெளியே விடுகிறது, கீழே இறங்கும்போது சமவெளியின் ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொள்கிறது. மலைக்குப் போய்வந்த வாரத்தில் கண்ணாடிக்குள் மூட்டம் தெரிகிறது என்று சிலர் முறையிடுவதற்கு இது ஒரு காரணம்.

இதைத் தடுக்க நல்ல பைனாகுலர்களில் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ஒவ்வொரு இணைப்பிலும் ஓ-ரிங் எனப்படும் மெல்லிய ரப்பர் வளையம் இருக்கும். உள்ளே சாதாரணக் காற்றுக்குப் பதிலாக உலர்ந்த நைட்ரஜன் வாயு நிரப்பப்பட்டிருக்கும். நைட்ரஜனுக்குத் தனி மந்திரம் ஏதுமில்லை. அதில் நீராவி இல்லை என்பதே அதன் சிறப்பு. சில நிறுவனங்கள் ஆர்கான் வாயுவை நிரப்பி, அது இன்னும் மெதுவாகக் கசியும் என்று விளம்பரம் செய்கின்றன. வாங்குபவர் இரண்டுக்கும் இடையே விலை வித்தியாசம் கொடுக்க வேண்டியதில்லை. வாயுவைத் தாங்கி நிற்பது வளையம்தான். வளையம் மோசமானால் எந்த வாயுவும் தங்காது.

பெட்டியிலுள்ள சொற்களைக் கவனமாகப் படியுங்கள். மழைத்தூறலைத் தாங்கும் என்று மட்டும் எழுதியிருந்தால் அது அடைக்கப்பட்ட கருவி அன்று. நீர்புகாதது என்றிருந்தால் எத்தனை மீட்டர் ஆழம், எத்தனை நிமிடம் என்ற எண்ணும் இருக்க வேண்டும். ஐபிஎக்ஸ் 7 என்ற தரக்குறி, 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் தாங்குவதைக் குறிக்கும். நிக்கான் நிறுவனம் மோனார்க் எம்5 வகைக்கு 1 மீட்டர் ஆழத்தில் 10 நிமிடம் என்று கூறுகிறது. சைஸ் நிறுவனம் இதை அழுத்த அளவில் குறிப்பிடும்: டெர்ரா ஈடி வகைக்கு 100 மில்லிபார், கான்குவெஸ்ட் எச்டி வகைக்கு 400 மில்லிபார். தோராயமாக 100 மில்லிபார் என்பது 1 மீட்டர் ஆழம் என்று கொண்டால் ஒப்பிட்டுவிடலாம். சுவரோவ்ஸ்கி ஈஎல் 4 மீட்டர் வரையும், லைக்கா அல்ட்ராவிட் 5 மீட்டர் வரையும் தாங்கும் என்று அந்நிறுவனங்கள் சொல்கின்றன. யாரும் பைனாகுலரோடு நீரில் மூழ்கிப் பறவை பார்ப்பதில்லை. ஆனாலும் அந்த எண் அடைப்பின் இறுக்கத்தைக் காட்டும் ஒரே அளவு என்பதால் அதற்கு மதிப்பு உண்டு. ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் கோலாலம்பூரில் 1 மீட்டர் தாங்கும் கருவி போதுமானது. 4 மீட்டருக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம்.

படத்தைத் தெளிவாக்கும் குவியச் சக்கரத்தைத் திருப்பும்போது எது நகர்கிறது என்பதையும் பாருங்கள். பழைய அமைப்பில் கண்லென்ஸ்கள் இரண்டும் ஒரு பாலத்தோடு சேர்ந்து வெளியே வந்து உள்ளே போகும். ஒவ்வொரு முறையும் சிறிது காற்று உள்ளே இழுக்கப்படும். புதிய அமைப்பில் குழலுக்குள் இருக்கும் ஒரு லென்ஸ் மட்டும் நகரும். வெளியே எதுவும் அசையாது. இரண்டாவது அமைப்பில் அடைப்பு நெடுநாள் நிலைக்கும். வெளியே அசையும் அமைப்பிலும் வளையம் வைத்து நீர்புகாமல் செய்ய முடியும், நிக்கானின் ஆக்‌ஷன் ஈஎக்ஸ் அப்படிப்பட்டது. ஆனால் அந்த வளையங்கள் ஒவ்வொரு திருப்பலிலும் உராய்ந்து தேய்கின்றன என்பதை மறந்துவிடக் கூடாது.

மூன்றாம் படி: பட்டகங்களும் பார்வை நேர்மையும்

உள்ளே படத்தை நிமிர்த்திக் காட்டும் பட்டகங்களின் அமைப்பைப் பொறுத்து பைனாகுலர்கள் இரு வகைப்படும். 1854இல் இத்தாலியரான இக்னாசியோ போரோ காப்புரிமை பெற்ற அமைப்பில், முன்லென்ஸ்கள் கண்லென்ஸ்களைவிட அகன்று, தோள்பட்டை போல் வெளியே நீண்டிருக்கும். கூரைப் பட்டகம் எனப்படும் மற்ற அமைப்பில் குழல்கள் நேராக இருக்கும். ஒரே விலையில் போரோ வகை பெரும்பாலும் தெளிவாகக் காட்டும். கூரைப் பட்டகத்தைத் துல்லியமாகச் செய்வதற்குச் செலவு அதிகம். ஆனால் அடி தாங்கும் விஷயத்தில் நேர்க்குழலே வெல்கிறது. போரோ வகையில் வெளியே நீண்ட பகுதியில் ஓர் இடி பட்டால், அந்த விசை பட்டகம் அமர்ந்திருக்கும் தட்டை நேரடியாகச் சென்று சேர்கிறது. மலிவான கருவிகளில் பட்டகத்தை ஒரு துளிப் பசையாலோ மெல்லிய உலோகப் பட்டையாலோ பிடித்து வைத்திருப்பார்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் வெப்பம் 60 பாகையை எட்டும்போது பசை இளகத் தொடங்கும். அதன் பிறகு பெரிய இடி எதுவும் தேவையில்லை.

பட்டகம் சிறிது நகர்ந்தாலும் இரு குழல்களும் வெவ்வேறு திசையைப் பார்க்கத் தொடங்கும். பக்கவாட்டில் சிறிது விலகினால் நம் கண்கள் சமாளித்துக்கொள்ளும், ஏனெனில் கண்கள் உட்புறம் குவிவதற்குப் பழகியவை. மேலும் கீழுமாக விலகினால் கண்களுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. படம் இரண்டாகத் தெரியாவிட்டாலும் மூளை இரண்டையும் இழுத்துச் சேர்க்க முயல்வதால் அரை மணி நேரத்தில் தலைவலி வந்துவிடும். பைனாகுலர் நமக்கு ஒத்துவராது என்று சொல்லிப் பறவை பார்ப்பதையே விட்டவர்களில் சிலருக்கு உண்மையில் இருந்தது, பார்வை விலகிய கருவிதான்.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். கடை வாசலுக்கு வந்து, குறைந்தது 100 மீட்டர் தொலைவிலுள்ள ஒரு கிடைக்கோட்டை, எதிர்க் கட்டடத்தின் மேல் விளிம்பையோ மின்கம்பியையோ, தெளிவாகக் குவியுங்கள். பிறகு கருவியைக் கண்ணிலிருந்து மெல்ல 10 முதல் 15 சென்டிமீட்டர் விலக்குங்கள். இப்போது இரண்டு தனித்தனி வட்டங்கள் தெரியும். ஒரு வட்டத்தில் வரும் கோடு மற்றதிலும் அதே உயரத்தில் தொடர வேண்டும். படிக்கட்டு போல் ஏறியோ இறங்கியோ இருந்தால் அந்தக் கருவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதோடு நிறுத்தாமல், கீலை நன்றாக மடக்கி ஒரு முறையும், நன்றாக விரித்து ஒரு முறையும் இதே சோதனையைச் செய்யுங்கள். கீலின் அச்சு இரு குழல்களுக்கும் இணையாக இல்லாத கருவியில், ஓர் அகலத்தில் சரியாக இருக்கும் பார்வை வேறோர் அகலத்தில் விலகிவிடும். கணவனும் மனைவியும் மாறி மாறிப் பயன்படுத்தப் போகும் கருவியென்றால் இந்த இரண்டாவது சோதனை கட்டாயம். ஒரே மாதிரியில் இரண்டு மூன்று கருவிகளைக் கேட்டு வாங்கி ஒப்பிடுவதில் கூச்சம் வேண்டாம்; விலை குறைந்த மாதிரிகளில் ஒன்றுக்கொன்று வேறுபாடு நன்றாகவே தெரியும். கடைசியாக, காதருகே வைத்து மெதுவாக அசைத்துப் பாருங்கள். உள்ளே எந்தச் சத்தமும் வரக் கூடாது.

நான்காம் படி: உடற்கூடு

விளம்பரங்களில் அதிகம் பேசப்படுவதும் வாங்குபவர் குறைவாகக் கவலைப்பட வேண்டியதும் இதுதான். ரப்பர் உறைக்குள் இருக்கும் கூடு மக்னீசியக் கலவையாகவோ, அலுமினியமாகவோ, கண்ணாடியிழை சேர்த்த பாலிகார்பனேட்டாகவோ இருக்கும். மக்னீசியத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1.7 கிராம், அலுமினியத்துக்கு 2.7 கிராம். அதனால் மக்னீசியக் கூடு எடை குறைந்தும் விறைப்பாகவும் இருக்கும். ஆனால் ஒரு பைனாகுலரின் எடையில் பெரும்பகுதி கண்ணாடிக்கே உரியது: மக்னீசியக் கூடுடைய லைக்கா அல்ட்ராவிட் 8×42 சுமார் 790 கிராம், பாலிகார்பனேட் கூடுடைய நிக்கான் மோனார்க் எம்5 8×42 சுமார் 630 கிராம்.

பிளாஸ்டிக் என்றதும் முகம் சுளிக்கத் தேவையில்லை. இழை சேர்த்த பாலிகார்பனேட், கீழே விழும்போது நசுங்காமல் மீண்டு வரும், உப்புக்காற்றில் அரிக்காது. மக்னீசியம் உப்பில் விரைவாக அரிக்கக் கூடியது. மேற்பூச்சு கீறப்படாதவரைதான் அதற்குப் பாதுகாப்பு. இழை சேர்க்காத வெறும் பிளாஸ்டிக்கை மட்டும் தவிர்க்க வேண்டும். இரு குழல்களையும் பிடித்து எதிரெதிர்த் திசையில் மென்மையாக முறுக்கிப் பார்த்தால், அது நெளிவதைக் கையே சொல்லிவிடும்.

ஐந்தாம் படி: அசையும் பாகங்கள்

ஒரு குழலை மட்டும் பிடித்துக் கருவியைத் தூக்குங்கள். மற்றக் குழல் தன் எடையால் தொங்கி இறங்கினால் கீல் தளர்ந்தது. புதிய கருவியில் அது சற்று இறுக்கமாகவே இருக்க வேண்டும். குவியச் சக்கரத்தை ஒரு திசையில் திருப்பி, உடனே எதிர்த்திசையில் திருப்புங்கள். படம் அசையாமல் சக்கரம் மட்டும் சிறிது தூரம் சுழன்றால் உள்ளே பல்லிணைப்பில் இடைவெளி இருக்கிறது. அது நாளாக நாளாகக் கூடுமே தவிரக் குறையாது. கடையின் குளிரூட்டிய காற்றில் கெட்டியாக இருந்த சக்கரம் வெளிவெயிலில் வழுவழுவென்று ஓடினால், மசகு நமது வெப்பத்துக்கு ஏற்றதன்று.

கண்ணை வைக்கும் கிண்ணம், திருகினால் எழுந்து நின்று, அழுத்தினால் இறங்காமல் இருக்க வேண்டும். வெறுமனே மடிக்கும் ரப்பர் கிண்ணங்கள் நமது வெப்பத்தில் சில ஆண்டுகளில் வெடித்துவிடும்; மூக்குக்கண்ணாடி அணிபவர் அவற்றை எப்போதும் மடித்தே வைத்திருப்பதால் அவருக்கு இன்னும் சீக்கிரம். வலக்கண்ணுக்கு மட்டும் தனியாகத் தெளிவைச் சரிசெய்யும் டயாப்டர் வளையம் பையில் உரசித் தானாகத் திரும்பிவிடாதபடி பூட்டு இருந்தால் நல்லது. கழுத்துப்பட்டை மாட்டும் காது கூட்டோடு ஒன்றாக வார்க்கப்பட்டிருக்கிறதா, தனியாக ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சிறு காது உடைந்தால் முழுக் கருவியும் தரையில்.

ஆறாம் படி: ரப்பர் உறையும் கொசு மருந்தும்

மேலுறை ரப்பர் அடியைத் தாங்குவதற்கும் ஈரக்கையில் வழுக்காமல் இருப்பதற்கும் உதவுகிறது. சில மென்மையான மேற்பூச்சுகள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, சில ஆண்டுகளில் பிசுபிசுவென்று கையில் ஒட்டத் தொடங்கும். பழகிய நண்பர்களின் பழைய கருவிகளைத் தொட்டுப் பார்ப்பது, எந்த மாதிரியின் உறை நிலைக்கிறது என்று அறிய எளிய வழி.

உறையை நாமே கெடுப்பது கொசு மருந்தால்தான். டீட் என்னும் மருந்து கலந்த கொசுவிரட்டிகள் பிளாஸ்டிக்கையும் செயற்கை ரப்பரையும் லென்ஸ் விளிம்பின் சாயத்தையும் கரைக்க வல்லவை. காட்டில் அட்டைக்கும் கொசுவுக்கும் பயந்து கையில் அள்ளிப் பூசிக்கொண்டு அதே கையால் கருவியைப் பிடித்தால், விரல் தடம் உறையில் நிரந்தரமாகப் பதிந்துவிடும். பிக்காரிடின் கலந்த விரட்டிகள் பிளாஸ்டிக்கைக் கெடுப்பதில்லை. டீட்தான் கையில் இருக்கிறதென்றால் புறங்கையால் தேய்த்துப் பூசி, உள்ளங்கையைக் கழுவிய பிறகு கருவியைத் தொடுங்கள்.

ஏழாம் படி: கண்ணாடிப் பூச்சு

பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் ஏறத்தாழ 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். எனவே எல்லாப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு உள்ளது என்று தெளிவாக எழுதியிருக்கும் கருவியையே வாங்குங்கள். உறுதியின் நோக்கில் கூடுதலாகக் கேட்க வேண்டியவை இரண்டு. வெளிலென்ஸில் நீரை ஒட்டவிடாத பூச்சு உண்டா என்பது ஒன்று. அது இருந்தால் மழைத்துளி உருண்டோடும், துடைக்கும் தேவை குறையும், துடைப்பதால் வரும் கீறலும் குறையும். கூரைப் பட்டகத்தின் உள்ளேயிருக்கும் கண்ணாடிப்பரப்பு வெள்ளிப் பூச்சா, உலோகமற்ற பல அடுக்குகளாலான டைஎலெக்ட்ரிக் பூச்சா என்பது மற்றது. ஈரம் புகுந்தால் வெள்ளி கறுக்கும், டைஎலெக்ட்ரிக் கறுப்பதில்லை.

பழைய கருவி வாங்குபவருக்கு

பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையிலும், பெட்டாலிங் ஜெயாவின் ஆம்கார்ப் மாலில் வார இறுதியில் கூடும் சந்தையிலும் பழைய போரோ பைனாகுலர்களைப் பார்க்கலாம். அவற்றில் சில, உலோகக் கூட்டின் அழகாலேயே நம்மைக் கவர்ந்துவிடும். வாங்கும் முன் கைபேசி விளக்கை முன்லென்ஸின் வழியே சற்றுச் சாய்வாக உள்ளே செலுத்தி, மறுபக்கத்திலிருந்து கண்லென்ஸைப் பாருங்கள். பிறகு விளக்கைக் கண்லென்ஸ் பக்கம் மாற்றி மறுபடியும் பாருங்கள். சிலந்தி நூல் போல் கிளைவிட்டுப் படர்ந்த வெண்ணிற இழைகள் தெரிந்தால் அது பூசணம். அது கண்ணாடியின் பூச்சைத் தின்று, விட்டுவைத்தால் கண்ணாடியையே அரித்துவிடும். அப்படிப்பட்ட கருவியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். துடைத்துவிட்டால் சரியாகிவிடும் என்று விற்பவர் சொல்வது பாதி உண்மைதான். சில தூசித் துகள்கள் தெரிவது மட்டும் குறையன்று. போரோ வகையின் ஒரு நன்மை, பார்வை விலகியிருந்தாலும் பல மாதிரிகளில் உறைக்கடியிலுள்ள சிறு திருகுகளைக் கொண்டு அனுபவமுள்ள பழுதுபார்ப்பவர் அதைச் சரிசெய்ய முடியும் என்பது. நைட்ரஜன் நிரப்பிய கூரைப் பட்டக வகையைத் திறந்தால் மறுபடியும் வாயு நிரப்பி அடைக்க வேண்டியிருப்பதால், அதைத் தயாரித்த நிறுவனத்திடமே அனுப்ப வேண்டும்.

வீட்டில் வைப்பது

அடைத்த கருவிக்கும் வெளிலென்ஸில் பூசணம் பிடிக்கும். அதனுடன் வரும் துணிப் பையிலோ பழைய தோல் பெட்டியிலோ போட்டு அலமாரியில் வைப்பது மிக மோசமான ஏற்பாடு, ஏனெனில் தோலும் துணியும் ஈரத்தைப் பிடித்துவைத்துப் பூசணத்துக்கு உணவாகின்றன. பக்கத்தில் அந்துருண்டை வைத்தால் பூச்சி வராது, அவ்வளவுதான். அது ஈரத்தை உறிஞ்சாது. அரிசிக்குள் புதைத்து வைத்தால் தவிடும் மாவும் கீல்களில் ஏறும்.

பாத்திரக் கடையில் கிடைக்கும், விளிம்பில் ரப்பர் உள்ள காற்றுப்புகாப் பெட்டி ஒன்றும், ஈரமானி ஒன்றும், சிலிக்கா ஜெல்லும் போதும். உள்ளே 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஆரஞ்சு நிற ஜெல் ஈரமேறினால் பச்சையாகும். ஏறத்தாழ 110 முதல் 120 பாகையில் சூடாக்கினால் மீண்டும் பயன்படும். நீல நிற ஜெல்லில் கோபால்ட் குளோரைடு என்ற நச்சுப்பொருள் இருப்பதால், சமைக்கும் அடுப்பில் அதை வைக்காதீர்கள். கேமராவும் வைத்திருப்பவர்கள் மின்சார உலர்பெட்டி ஒன்றை வாங்கி எல்லாவற்றையும் சேர்த்து வைத்துவிடலாம். விடியற்காலையில் புறப்படும் நாளில், முந்தின இரவே பெட்டியைக் குளிரூட்டிய அறையிலிருந்து கூடத்துக்கு மாற்றிவிட்டால் காலையில் லென்ஸ் மூடிக்கொள்ளாது.

கடற்கரையிலிருந்து திரும்பியதும், நீர்புகாத கருவியாக இருந்தால் மட்டும், குழாயில் மெல்லிய நீரோட்டத்தில் அலசுங்கள். உப்புத் துகளோடு துடைப்பது கண்ணாடியை மணற்தாளால் தேய்ப்பதற்குச் சமம். அலசிய பிறகு காற்றூதும் ரப்பர் ஊதியால் நீரை விரட்டி, சுத்தமான லென்ஸ் துணியால் ஒற்றி எடுங்கள். சட்டை நுனி வேண்டாம்.

விலையும் உத்தரவாதமும்

சில நூறு ரிங்கிட்டில் அடைத்து நைட்ரஜன் நிரப்பிய கருவிகள் கிடைக்கின்றன. அதற்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் அடைப்பு இல்லை. என் கணிப்பில், புதியவர் கொடுக்கும் பணத்துக்கு மிகுந்த பயன் தருவது ஆயிரம் ரிங்கிட்டைச் சுற்றியுள்ள வட்டம்தான். நிக்கான் மோனார்க் எம்5, வோர்டெக்ஸ் டயமண்ட்பேக் எச்டி, கோவாவின் பிடி (BD) வரிசை ஆகியவற்றை அந்தச் சுற்றுவட்டத்தில் ஒன்றோடொன்று வைத்துப் பார்க்கலாம். பத்தாயிரம் ரிங்கிட்டைத் தாண்டும் சுவரோவ்ஸ்கி என்எல் பியூர் போன்றவை காட்டும் படம் ஒப்பற்றது. ஆனால் ஈரத்தைத் தடுப்பதில் அவை பத்து மடங்கு சிறந்தவை அல்ல.

உத்தரவாத அட்டையில் மலேசிய முகவரின் முத்திரை உள்ளதா என்று பாருங்கள். அதிகாரபூர்வமற்ற வழியில் இறக்குமதியான கருவி சில நூறு ரிங்கிட் மலிவாக இருக்கும். உள்ளே மூட்டம் கட்டினால் அதை வாங்கிய நாட்டுக்கே அனுப்பச் சொல்வார்கள், போக்குவரத்துச் செலவில் அந்த மிச்சம் கரைந்துவிடும். வோர்டெக்ஸ் நிறுவனத்தின் உத்தரவாதம் ஆயுட்காலத்துக்கு உரியது, ரசீதும் தேவையில்லை, கை மாறினாலும் செல்லும். தொலைந்ததற்கும் திருடு போனதற்கும் வேண்டுமென்றே சேதப்படுத்தியதற்கும் செயல்பாட்டைப் பாதிக்காத தோற்றச் சேதத்துக்கும் பொருந்தாது. மற்ற நிறுவனங்களில் உத்தரவாதம் எத்தனை ஆண்டு என்பதோடு, உட்புற மூட்டத்தையும் பார்வை விலகலையும் அது உள்ளடக்குமா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

நீர்புகாதது என்று சொல்லி விற்ற கருவிக்குள் முதல் மழையிலேயே ஈரம் புகுந்து, கடைக்காரரும் கைவிரித்துவிட்டால், ரசீதையும் விளம்பரப் பக்கத்தின் படத்தையும் எடுத்துக்கொண்டு பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குச் செல்லலாம். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் இயங்கும் அந்தத் தீர்ப்பாயம் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை விசாரிக்கிறது. மனுக் கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. மூன்று ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். தனியார் ஒருவரிடம் வாங்கிய பழைய கருவிக்கு இந்த வழி பொருந்தாது. பினாங்கில் இருப்பவர்கள், மனுவை எப்படி எழுதுவது என்று தெரியவில்லையென்றால், 1969 முதல் இயங்கிவரும் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகித் தமிழிலேயே விளக்கம் கேட்கலாம்.